இரண்டு மானிட்டர், ஒரு சின்ன பட்ஜெட்: எதை வெட்டினார்கள் என்ற கதை

இந்த எபிசோடுக்குக் காரணம் எனக்குத் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு கேள்வி. "போட்டோஷாப், கொஞ்சம் வீடியோ எடிட்டிங், ரெண்டு மானிட்டர். கேம் எல்லாம் ஆட மாட்டேன். குறைஞ்ச விலைல எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர்கள், யூடியூப் சேனல்களுக்கு எடிட் பண்ணிக் கொடுப்பவர்கள், அச்சகத்துக்கு ஃபிளெக்ஸும் நோட்டீஸும் போட்டுத் தருபவர்கள். பதினைந்தாயிரம் ரூபாய் என்பது அவர்களுக்கு விளையாட்டுக் காசு இல்லை. தப்பான கார்டு வாங்கிவிட்டால் அடுத்த மூன்று வருஷம் அதோடுதான் குடித்தனம்.

ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிடலாம். ஆறு மாசத்தில் அந்தப் பதில் பழசாகிவிடும். அதனால் இன்றைக்கு வரலாற்றைப் பார்க்கப் போகிறோம். மலிவு கார்டு என்பது எப்போதுமே பெரிய கார்டில் இருந்து எதையோ வெட்டி எடுத்தது. எதை வெட்டினார்கள், அது உங்கள் வேலைக்குத் தேவையானதா என்பதுதான் மொத்த விஷயமும். 1981-ல் இருந்தே இப்படித்தான்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது, திரைக்கு இரண்டு கார்டுகள் வைத்திருந்தது. ஒன்று எம்டிஏ. எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது. ஆனால் அந்த எழுத்து கத்தி மாதிரி கூர்மை. இன்னொன்று சிஜிஏ. 320-க்கு 200 புள்ளிகளில் நான்கு நிறம் காட்டும், ஆனால் அதில் எழுத்தைப் படித்தால் கண் வலிக்கும். கணக்கு வழக்கு பார்ப்பவருக்கு எம்டிஏ, வரைபடம் வேண்டுபவருக்கு சிஜிஏ. இரண்டும் வேண்டுமென்றால்?

இங்கேதான் ஒரு அழகான தற்செயல். தற்செயலா, திட்டமா என்று நாம் வாதாடலாம், விளைவு ஒன்றுதான். எம்டிஏ தன் மெமரியை ஒரு முகவரியில் வைத்திருந்தது, சிஜிஏ வேறொரு முகவரியில். இரண்டும் பயன்படுத்திய போர்ட் எண்களும் வேறு வேறு. அதனால் இரண்டு கார்டையும் ஒரே பெட்டிக்குள் செருகினால் சண்டை போடாது. ஒரு பக்கம் பச்சைத் திரை, இன்னொரு பக்கம் கலர் திரை. லோட்டஸ் 1-2-3-ல் அட்டவணை ஒரு திரையில், அதன் வரைபடம் இன்னொரு திரையில். ஆட்டோகேடில் கட்டளைகள் ஒரு பக்கம், டிராயிங் மறுபக்கம். டூல்ஸ் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று இன்றைக்கு நாம் செய்யும் அதே ஏற்பாடு. புரோகிராமர்களுக்கும் இது பிடித்துப் போனது: ஓடுகிற புரோகிராம் கலர் திரையில், டீபக்கர் எம்டிஏ திரையில். என் தொழில்காரர்கள் 80-களிலேயே வசதியாகத்தான் இருந்திருக்கிறார்கள்!

1982-ல் ஹெர்குலிஸ் கார்டு வந்தது. அதை வடிவமைத்த வான் சுவன்னுகுல் தாய்லாந்துக்காரர். ஐபிஎம்மின் எம்டிஏ கார்டில் எழுத்து வடிவங்கள் சிப்பிலேயே பொறித்து வைக்கப்பட்டிருந்தன. ஆங்கிலம் தவிர வேறு எழுத்தைக் கொண்டுவர வழியில்லை. அவருக்குத் தாய் மொழி எழுத்து திரையில் வர வேண்டும். அதனால் எம்டிஏவின் கூர்மையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் நாமே ஏற்றி இறக்கக்கூடிய 720-க்கு 348 கிராஃபிக்ஸ் மோடைச் சேர்த்தார். நமக்கும் இந்தப் பிரச்சினை தெரிந்ததுதான். ஐஐடி கான்பூரில் ஆரம்பித்து, பிறகு சி-டாக் வளர்த்தெடுத்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், தமிழ் உட்பட இந்திய எழுத்துகளை டாஸ் திரையில் காட்டுவதற்குப் பிசிக்குள் செருகும் ஒரு தனி கார்டாகவே வந்தது. திரையில் 'அ' என்று வருவதற்குத் தனி ஹார்டுவேர் வாங்கிய காலம்.

ஹெர்குலிஸிலும் ஒரு சிக்கல் உண்டு. அதன் 64 கேபி மெமரியை முழுசாகத் திறந்தால், அது சிஜிஏவின் முகவரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது திரை வேண்டுமென்றால் ஹெர்குலிஸைப் பாதி மோடில் ஓட்ட வேண்டும். இரண்டாவது மானிட்டர் வேண்டுமா, எதையாவது விட்டுக்கொடு. இந்தப் பேரம் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

மேக் பக்கம் கதை வேறு. 1987-ல் வந்த மேக்கின்டாஷ் 2-ல் ஆறு நியூபஸ் ஸ்லாட்டுகள். வீடியோ கார்டுகளைச் செருகிக்கொண்டே போகலாம். சிஸ்டம் எல்லாத் திரைகளையும் சேர்த்து ஒரே பெரிய மேசையாகப் பார்க்கும். ஒரு விண்டோவைப் பாதி கலர் திரையிலும் பாதி கறுப்பு வெள்ளைத் திரையிலும் வைத்தால்கூட இரண்டு பக்கமும் ஒழுங்காக வரையும். 1987-ல்! இதற்கும் முன்பே, மேக்கின்டாஷ் உருவாக்கிய குழுவில் இருந்த பர்ரல் ஸ்மித், ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் போன்றவர்கள் 1986-ல் ரேடியஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்து, மேக்கின் குட்டித் திரைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு முழுப்பக்கத் திரையை விற்றார்கள். பத்திரிகைப் பக்கம் வடிவமைப்பவருக்கு ஒரு பக்கம் முழுசாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை. 1990-ல் போட்டோஷாப் முதல் பதிப்பு மேக்கில் மட்டும் வந்ததிலும், டிசைன் உலகம் மேக்கிலேயே தங்கியதிலும் இந்த வசதிக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பது என் கருத்து. விலை மட்டும் வாயைத் திறக்க வைக்கும். பட்ஜெட் என்ற சொல் அந்த உலகத்தில் கிடையாது.

பிசியில் விண்டோஸ் 95 வரைக்கும் பல மானிட்டர் ஆதரவே சிஸ்டத்தில் இல்லை. வேண்டுமென்றால் கார்டு தயாரிப்பாளர் எழுதிய தனி ட்ரைவர்தான். பங்குச் சந்தை வர்த்தகர்கள் அதற்குப் பணம் கொடுத்தார்கள், டிசைனர்களால் முடியவில்லை. 1998-ல் விண்டோஸ் 98 வந்து, ஒன்பது மானிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் ஒரு திரைக்கு ஒரு கார்டு. அதே சமயத்தில் மதர்போர்டுகளில் ஏஜிபி ஸ்லாட் வந்துவிட்டது. கிராஃபிக்ஸுக்கென்றே தனி வேகப் பாதை, ஆனால் போர்டுக்கு ஒரே ஒரு ஸ்லாட். அதனால் முதல் கார்டு ஏஜிபி, இரண்டாவது ஏதாவது ஒரு பழைய பிசிஐ கார்டு. இரண்டுக்கும் வேறு வேறு ட்ரைவர், வேறு வேறு குணம். ஆன் செய்தால் எந்தத் திரை முதலில் எழுந்திருக்கும் என்பதை பயாஸில் போய் மாற்றிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பெட்டி கட்டியவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டுவீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்போ இந்தக் கதையின் நாயகன். கனடாவில் மான்ட்ரியல் பக்கத்தில் டோர்வல் என்ற ஊரில், 1976-ல் லோர்ன் ட்ராட்டியரும் பிராங்கோ மாட்டிச்சும் ஆரம்பித்த மேட்ராக்ஸ். 90-களில் அவர்களுடைய மில்லினியம் கார்டுகளுக்கு 2டி வேலைக்காரர்களிடம் பெரிய பெயர். ஆனால் 3டி கேம் அலை வந்ததும் 3டிஎஃப்எக்ஸ், என்விடியா இரண்டு பேரையும் மேட்ராக்ஸால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்க முடியாதவன் வேறு ஆட்டத்தைத் தேடுவான் இல்லையா? 1999-ல் ஜி400 வந்தது. அதன் பெயர் பெற்ற அம்சம் டூயல்ஹெட்: ஒரே கார்டு, ஒரே ஏஜிபி ஸ்லாட், பின்பக்கம் இரண்டு மானிட்டர் கனெக்டர்.

இது எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். மற்ற கதை எல்லாம் இதிலிருந்துதான். கார்டின் மெமரியில் இருக்கும் படத்தைத் திரைக்கு அனுப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மெமரியை வரிசையாகப் படித்துக்கொண்டே இருப்பவர். இன்னொருவர் அந்த எண்களை அந்தக் காலத்து விஜிஏ மானிட்டருக்கான அனலாக் மின்னழுத்தமாக மாற்றுபவர். அவருக்குப் பெயர் ராம்டாக். ஒரு வினாடிக்கு எத்தனை புள்ளிகளை மாற்றித் தர முடியும் என்பதுதான் ராம்டாக்கின் வேகம். ஜி400-ன் முதல் திரைக்கு 300 மெகாஹெர்ட்ஸ், மேக்ஸ் மாடலில் 360. 2048-க்கு 1536 வரைக்கும் போகும். இரண்டாவது திரைக்கு? டிவி அவுட்புட்டுக்காக வைத்த ஒரு துணை சிப்பிடமே அந்த வேலையையும் கொடுத்தார்கள். அதனால் இரண்டாவது திரை 1280-க்கு 1024-ஐத் தாண்டாது. முதல் மனைவிக்குப் பட்டு, இரண்டாவது மனைவிக்கு நூல் சேலை என்று பழைய சினிமாவில் வருமே, அந்த மாதிரி.

ஆனாலும் அது போதுமானதாக இருந்தது. படம் பெரிய திரையில், டூல் பெட்டிகள் சின்னத் திரையில் என்று வைத்துக்கொண்டால் குறையே தெரியாது. 2000-ல் வந்த ஜி450, இரண்டாவது ராம்டாக்கையும் மெயின் சிப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. இரண்டாவது திரையும் 1600-க்கு 1200 காட்டியது. அதற்காக மெமரிப் பாதையின் அகலத்தைப் பாதியாக, 64 பிட்டாகக் குறைத்திருந்தார்கள். கேம் ஆடுபவர்கள் திட்டினார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து லேஅவுட் போட்டவருக்கு அது தெரியவே தெரியாது. வெட்டியது உண்மை, ஆனால் வாங்குபவருக்கு வேண்டாததை வெட்டினார்கள். பட்ஜெட் கார்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான்.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 2000-ல் என்விடியா ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ் கொண்டுவந்தது. மலிவு வரிசை, ட்வின்வியூ என்ற பெயரில் இரண்டு திரை ஆதரவு. அந்த வரிசையில் விலை உயர்ந்த ஜிஃபோர்ஸ்2 ஜிடிஎஸ்ஸில் இந்த வசதி கிடையாது, மலிவானதில் உண்டு! ஆனால் சிப்பில் வசதி இருந்தால் மட்டும் போதாது. என்விடியா சிப்பை மட்டும் விற்கும். போர்டைச் செய்வது வேறு கம்பெனிகள். நிறைய போர்டுகளில் காசு மிச்சம் பிடிக்க ஒரே ஒரு விஜிஏ கனெக்டர்தான் வைத்தார்கள். பெட்டியில் ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ் என்று எழுதியிருக்கும்; வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு ஓட்டைதான். சிப்பின் பெயரைப் பார்த்து வாங்குவது, போர்டைப் பார்த்து வாங்குவதற்குச் சமம் இல்லை. இதை இன்றைக்கும் மறக்க வேண்டாம்.

அதே வரிசையில் இன்னொரு வெட்டு, கண்ணுக்குத் தெரியாத வெட்டு. ராம்டாக்கில் இருந்து கனெக்டருக்குப் போகும் வழியில் சில குட்டி மின்தேக்கிகளும் சுருள்களும் இருக்கும், தேவையற்ற ரேடியோ அலைகளை வடிகட்ட. அதில் மலிவுப் பாகம் போட்டால் சிக்னலும் சேர்ந்து மங்கிப் போகும். உயர்ந்த ரெசொல்யூஷனில் எழுத்துகள் கசங்கின மாதிரி தெரியும். சிலர் சால்டரிங் அயர்ன் எடுத்து அந்த ஃபில்டர் பாகங்களையே கழற்றிப் போட்டு, "இப்போ மேட்ராக்ஸ் மாதிரி இருக்கு" என்று சந்தோஷப்பட்டார்கள். வாரண்டி அதோடு போச்சு, அது வேறு விஷயம்.

2001-ல் ஏடிஐ, ரேடியான் விஇ என்று ஒன்றை விட்டது. ரேடியானில் இருந்து 3டி கணக்குப் பகுதியில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, இரண்டு திரைக்கான வசதியை உள்ளே வைத்தார்கள். கூடவே ஹைட்ராவிஷன் மென்பொருள்: எந்த விண்டோ எந்தத் திரையில் திறக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும். அதே ஆண்டு வந்த விண்டோஸ் எக்ஸ்பி, ஒரே கார்டின் இரண்டு வாய்களையும் தனித்தனித் திரையாக நடத்தக் கற்றுக்கொண்டது. விண்டோஸ் 2000-ல் அது சரியாக முடியாது; இரண்டு திரையும் சேர்ந்து ஒரே நீளத் திரை மாதிரிதான் தெரியும். ஆக, 1999-ல் மேட்ராக்ஸுக்கு மட்டும் இருந்த தனிப் பெருமை மூன்றே வருஷத்தில் எல்லோர் கடையிலும் கிடைத்தது.

ஆனால் டிசைனர்களுக்கு ஒரு முள் மிச்சம் இருந்தது. அந்தக் கால மலிவு கார்டுகளின் பின்பக்கம் பார்த்தால் ஒரு டிவிஐ, ஒரு விஜிஏ. ஒரே மாடல் எல்சிடி மானிட்டர் இரண்டு வாங்கி வைத்தாலும், ஒன்று டிஜிட்டலில் கூர்மையாகவும் இன்னொன்று அனலாக்கில் லேசாக மங்கியும் தெரியும். நிறம் இன்னும் மோசம். மானிட்டரை அளந்து நிறத்தைத் திருத்தும்போது அந்தத் திருத்தம் கார்டுக்குள் ஒரு அட்டவணையாக ஏறும். பல கார்டுகளிலும் ட்ரைவர்களிலும் இரண்டு திரைக்கும் சேர்த்து ஒரே அட்டவணைதான். இடது திரையைச் சரி செய்தால் வலது திரை கெடும். மணப்பெண்ணின் புடவை இந்தத் திரையில் குங்குமச் சிவப்பு, அந்தத் திரையில் செங்கல். எதை நம்பி பிரிண்டுக்கு அனுப்புவது? நிறத்தில் கறாரான சிலர் இதற்காகவே இரண்டு தனி கார்டுகளுக்குத் திரும்பிப் போனார்கள். விண்டோஸ் விஸ்டா வந்தபோது அந்த வழியிலும் ஒரு முட்டுக்கட்டை: புதிய ட்ரைவர் முறையில் வேறு வேறு கம்பெனி கார்டுகள் இரண்டைச் சேர்த்து ஓட்ட முடியாது. விண்டோஸ் 7-ல்தான் அது சரியானது.

டிவிஐயிலும் ஒரு பட்ஜெட் எல்லை இருந்தது. ஒற்றை இணைப்பு 165 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 1920-க்கு 1200 வரைதான். 2004-ல் ஆப்பிள் 30 அங்குலத் திரையைக் கொண்டுவந்தபோது, அதை ஓட்ட இரட்டை இணைப்புள்ள தனி கார்டு வேண்டியிருந்தது; ஜிஃபோர்ஸ் 6800 அல்ட்ராவின் அந்த வகை 599 டாலர். நம் கதைக்கு அது சம்பந்தமில்லாத விலை. விட்டுவிடுவோம்.

2008 வரைக்கும் இந்தக் கதையில் கார்டு என்பது திரைக்குப் படம் அனுப்பும் தபால்காரர். அதற்கப்புறம் அவருக்கே வேலை கொடுக்க ஆரம்பித்தார்கள். போட்டோஷாப் சிஎஸ்4 அந்த வருஷம் படத்தைச் சுழற்றவும் பெரிதாக்கவும் கார்டைப் பயன்படுத்தியது. 2010-ல் பிரீமியர் ப்ரோ சிஎஸ்5, மெர்குரி பிளேபேக் என்ஜினோடு வந்தது. எஃபெக்ட் போட்ட வீடியோவை ரெண்டர் செய்யாமலே அப்படியே ஓட்டிப் பார்க்கலாம், என்விடியாவின் குடா உள்ள கார்டு இருந்தால். ஆனால் எந்தக் கார்டு? அடோபியின் பட்டியல் மிகச் சின்னது. பெரும்பாலும் குவாட்ரோ, அதாவது தொழில்முறைக் கார்டுகள். சாதாரண ஆள் வாங்கக்கூடியதாக ஆரம்பத்தில் இருந்தது ஜிடிஎக்ஸ் 285 ஒன்றுதான்.

அப்புறம் யாரோ அந்த மென்பொருளின் ஃபோல்டரைத் திறந்து பார்த்தார்கள். அங்கே ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். அதில் அங்கீகரிக்கப்பட்ட கார்டுகளின் பெயர்கள், வரிக்கு ஒன்றாக. நோட்பேடில் திறந்து, உங்கள் கார்டின் பெயரை ஒரு வரியாகச் சேர்த்து, சேவ் செய்தால் போதும். குடாவும் முக்கால் ஜிபிக்குக் கொஞ்சம் மேல் மெமரியும் இருந்தால் ஜிஃபோர்ஸ் கார்டு எதுவும் வேலை செய்தது! அடோபி அந்தப் பட்டியலை வைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. தாங்கள் சோதித்துப் பார்த்த கார்டுக்குத்தானே உத்தரவாதம் தர முடியும்? ஒரு என்ஜினியராக அது எனக்குப் புரிகிறது. ஆனால் உலகம் முழுக்கச் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு வரி, குவாட்ரோவுக்கும் சாதாரண கேம் கார்டுக்கும் நடுவில் இருந்த விலை வித்தியாசத்தை அப்படியே மிச்சப்படுத்திக் கொடுத்தது.

ஆக, தொழில்முறைக் கார்டுக்கும் கேம் கார்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒரு பகுதி சிலிக்கான், ஒரு பகுதி வெறும் ட்ரைவர். நிறத்துக்கு 10 பிட் காட்டும் வசதி போட்டோஷாப்புக்குள் குவாட்ரோவில்தான் வரும் என்று வருஷக்கணக்காகச் சொன்னார்கள். 2019 ஜூலையில் என்விடியா ஸ்டூடியோ ட்ரைவர் வழியாக அதை ஜிஃபோர்ஸுக்கும் திறந்துவிட்டது. கார்டை யாரும் மாற்றவில்லை, ட்ரைவரைத்தான் மாற்றினார்கள். இன்னும் யாராவது "டிசைன் வேலையா? அப்போ குவாட்ரோதான் வாங்கணும்" என்று சொன்னால், எந்த மென்பொருளுக்கு, எந்த வசதிக்காக என்று திருப்பிக் கேளுங்கள். பெரிய கேட் மென்பொருள்களுக்கு அந்தச் சான்றிதழ் இன்றைக்கும் அவசியப்படலாம். ஆல்பத்துக்கு இல்லை.

இனி சமீபத்திய வெட்டுகள். இதில்தான் பணம் போகும், கொஞ்சம் கவனியுங்கள்.

2012-ல் இருந்து என்விடியா தன் சிப்புகளில் வீடியோவை எழுதுவதற்கென்றே தனிப் பகுதி வைத்தது. பெயர் என்விஎன்க். எடிட் முடித்து எக்ஸ்போர்ட் செய்யும்போதும் திரையைப் பதிவு செய்யும்போதும் இதுதான் உழைக்கும். மலிவாக விற்ற ஜிடி 1030-ல் அது கிடையாது. அதுபோக, 2018-ல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொரு வகை வந்தது. மெமரி வேகம் வினாடிக்கு 48 ஜிபியில் இருந்து 17-க்குக் கீழே. பெயர் அதேதான். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் மட்டும் வித்தியாசம். 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-ல் என்விஎன்க் உண்டு, ஆனால் முந்தைய தலைமுறையுடையது. புதியது வேண்டுமென்றால் 1650 சூப்பர்.

உச்சம் 2022 ஜனவரி. கார்டுகளே கிடைக்காத காலத்தில் ஏஎம்டி, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யை 199 டாலருக்குக் கொண்டுவந்தது. கேம் ஓடும். ஆனால் பின்பக்கம் இரண்டே வாய்கள், ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட். வீடியோ எழுதும் பகுதி? அடியோடு இல்லை. மதர்போர்டோடு பேசும் பாதையும் நான்கே லேன். பழைய மதர்போர்டில் போட்டால் அதிலும் இழப்பு. ஏன் இப்படி? அந்தச் சிப் அடிப்படையில் லேப்டாப்புக்காக வடிவமைத்தது. லேப்டாப்பில் பிராசஸருக்குள்ளேயே ஒரு கிராஃபிக்ஸ் இருக்கும், வீடியோ எழுதுவதை அது பார்த்துக்கொள்ளும், இங்கே எதற்கு இன்னொரு தடவை என்று வெட்டிவிட்டார்கள். லேப்டாப்பில் அது புத்திசாலித்தனம். தனிக் கார்டாக டெஸ்க்டாப்புக்கு வந்தபோது, எடிட் செய்பவருக்கு எது முக்கியமோ அதுவே இல்லாமல் வந்தது. ஜி450-ஓடு இதை வைத்துப் பாருங்கள். இருபது வருஷ இடைவெளியில் இரண்டு வெட்டுகள், ஒன்று உங்களுக்காக, இன்னொன்று வேறு யாருக்காகவோ.

அப்படியென்றால் என்னதான் வாங்குவது? முதல் பதில் சிலருக்குப் பிடிக்காது: வாங்கவே வேண்டாமாக இருக்கலாம். 2012-ன் ஐவி பிரிட்ஜ் காலத்தில் இருந்தே இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் மூன்று திரை வரை ஓட்டும். போட்டோஷாப், கோரல்ட்ரா, இன்டிசைன், இரண்டு சாதாரண மானிட்டர் என்றால் அதுவே போதும். அந்தக் காசுக்கு ரேம் போடுங்கள். மதர்போர்டில் இரண்டு டிஜிட்டல் வாய் இருக்கிறதா, பிராசஸர் பெயர் 'எஃப்' என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது.

"ரெண்டு மானிட்டருக்கு 8 ஜிபி கார்டாவது வேணும் தம்பி" என்று கடையில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3840-க்கு 2160, புள்ளிக்கு 4 பைட். ஒரு 4கே திரைக்கு 33 எம்பி. இரண்டுக்கு 66. நடுவில் வேலைக்கென்று சில பிரதிகள் வைத்துக்கொண்டாலும் சில நூறு எம்பியில் முடிந்துவிடும். மெமரியைக் கேட்பது மானிட்டர் இல்லை, மென்பொருள். டாவின்சி ரிசால்வில் 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் 4 ஜிபி கார்டு திணறும். அங்கே 8 ஜிபி நியாயமான செலவு. பிளெண்டர் என்றால் என்விடியா பக்கம் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சைக்கிள்ஸ் 2011-ல் குடாவோடு தொடங்கியது. ஏஎம்டி ஆதரவு ஓபன்சிஎல்லில் வந்து, பிறகு அது கைவிடப்பட்டு, ஹிப்புக்கு மாறி, இப்படி வழி மாறிக்கொண்டே இருந்தது. வெறும் யூடியூப் எடிட்டிங், காசு மிகக் குறைவு என்றால் 2022-ல் வந்த இன்டெல் ஆர்க் ஏ380-ஐ ஒரு தடவை பாருங்கள். கேமில் சுமார்தான், ஆனால் ஏவி1 வரை வீடியோ எழுதும். மதர்போர்டு ரீசைசபிள் பார் ஆதரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட வேண்டாம். பவர் சப்ளை சின்னது என்றால் 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகை 70 வாட்டுக்குள், தனி பவர் கேபிள் இல்லாமல் ஓடும். அதே பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு, அது வேறு கார்டு என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு திரைக்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லையும் உண்டு. ஒரு மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், இன்னொன்று 144 என்று வைத்தால், சும்மா இருக்கும்போதும் கார்டு சூடாகும். கார்டு தன் மெமரி வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால், திரைக்கு எதுவும் அனுப்பாத அந்தக் கண நேர இடைவெளியில்தான் மாற்ற முடியும். இரண்டு திரையின் இடைவெளிகளும் ஒன்று சேர்ந்து வராவிட்டால் மாற்ற நேரமே கிடைக்காது. மெமரி முழு வேகத்திலேயே நின்றுவிடும். மே மாசம் ஏசி இல்லாத அறையில் இது சும்மா விஷயம் இல்லை. இரண்டையும் 60-ல் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஃபேன் அடங்கிவிடும்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் பழைய விஜிஏ மானிட்டரையே இரண்டாவது திரையாக வைக்க நினைப்பவர்களுக்கு. என்விடியா 2016-ல் ஜிடிஎக்ஸ் 10 வரிசையோடு அனலாக்கை எடுத்துவிட்டது, ஏஎம்டி அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. டிவிஐ வாய் இருந்தாலும் அதில் விஜிஏ சிக்னல் வராது. வெறும் ஊசி மாற்றும் சாதாரண கனெக்டர் வாங்கினால் பயன் இல்லை. எச்டிஎம்ஐயில் இருந்து விஜிஏவுக்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் என்று கேட்டு வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். அதன் நுனியில் இருக்கும் அந்தக் குண்டுப் பிளாஸ்டிக்குக்குள் எண்களை மின்னழுத்தமாக மாற்றும் ஒரு சிப் இருக்கிறது. 1999-ல் மேட்ராக்ஸ் பெட்டி மேல் போட்டுப் பெருமைப்பட்ட அதே வேலை.